அம்மன் மணி

இன்ஸ்பெக்டர் ஜெசிந்தா காவல் துறைக்கு வருவதற்கு முன் மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். அதனால் ஸ்டேஷனில் அவருக்கு டீச்சர் என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் டீச்சர்.

அவரிடம் பாடம் படிக்க வேண்டிய நிலைமை எஸ்.எஸ்.ஐ. பெத்துராஜுக்கு ஐம்பத்தாறாவது வயதில் வந்தது. பெத்துராஜ் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, ஒவ்வொரு படியிலும் காத்துக் கிடந்து மேலே வந்தவர். பரீட்சை எழுதிவிட்டு நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. இந்த அம்மாள் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர் வேறு.

இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் கோர்ட் வேலையாக வெளியூர் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தார். பெத்துராஜ் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"முடிஞ்சுது மேடம். காளியம்மன் கோயில் கேஸ். செவத்தையா ஒத்துக்கிட்டான். சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தி உள்ளே அனுப்பிடலாம்."

செவத்தையா பழைய பித்தளை, இரும்பு வாங்கி விற்கிறவன். ஊரில் எந்தப் பித்தளை காணாமல் போனாலும் ஜீப் முதலில் அவன் வீட்டு வாசலில்தான் நிற்கும். முந்தின நாள் மாலை ஜீப்பில் ஏறியவன், இப்போது வராந்தாவில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். வந்ததிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தான். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தாளைப் படித்தார். மூன்று பக்கம், பெத்துராஜின் கையெழுத்து. கோயிலுக்குள் புகுந்து, சத்தம் வராமல் இருக்க மணியின் நாக்கில் துணியைச் சுற்றி, கழற்றி, தோளில் வைத்துக் கொண்டுபோனதாக எல்லாம் வரிசையாக இருந்தது. அடியில் செவத்தையாவின் பெருவிரல் ரேகை.

"மணி எங்கே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அதுதான் மேடம் மாத்தி மாத்திச் சொல்றான். முதல்ல கண்மாய்ன்னான். போய்த் தோண்டினோம், இல்லை. அப்புறம் கிணறுன்னான். காலையில கேட்டா மச்சினன் வீடுங்கிறான். மச்சினனே கிடையாதாம் அவனுக்கு."

"எதுக்காகப் பிடிச்சோம்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"மணி எங்கடான்னு கேட்டோமே மேடம். அதுலேயே புரிஞ்சிருக்கும்."

"வக்கீல் வச்சுக்கலாம்னு?"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கப் போய் இருமினார்.

"வீட்டுக்குத் தகவல்?"

"பொண்டாட்டி வந்தா. பேசி அனுப்பிட்டேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். "பெஞ்சுல உட்காருங்க" என்றார். செவத்தையா திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். சுவர்தான் இருந்தது. உட்கார்ந்தான்.

பெத்துராஜுக்குப் பொறுக்கவில்லை.

"நான் அவனை ஒரு அடி கூட அடிக்கலை மேடம். கேட்டுப் பாருங்க. அவனாத்தான் ஒத்துக்கிட்டான். ஒத்துக்கிட்டவனுக்கு வக்கீலு, பெஞ்சு, இதெல்லாம் எதுக்கு? சொல்லிக் குடுங்க, தெரிஞ்சுக்கிறேன்."

கடைசி வார்த்தையை அவர் எப்படிச் சொன்னார் என்பது வாசலில் நின்ற கான்ஸ்டபிளுக்குக்கூடப் புரிந்தது.

"மணி தொங்குன இடத்தைப் பார்த்தீங்களா சார்?"

"பூசாரி எழுதிக் குடுத்தார். அன்னைக்கே இவனைத் தூக்கியாச்சு. இடத்தைப் பார்த்து என்ன ஆகப்போகுது?"

"பார்த்துட்டு வரலாம். வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

கோயிலுக்கு ஐந்து கிலோமீட்டர். ஜீப் வேப்பமரத்தடியில் நின்றது. என்ஜினை நிறுத்தியதும் உள்ளே உச்சிக்கால பூஜைக்கு மணி அடிப்பது கேட்டது. நல்ல கனத்த சத்தம். அடித்து ஓய்ந்த பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் இருந்தது.

"அதுக்குள்ள புதுசு வாங்கி மாட்டிட்டாங்க போல" என்றார் பெத்துராஜ்.

பூசாரி குருநாதன் தட்டோடு வெளியே வந்தார். போலீஸைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"கிடைச்சிருச்சாய்யா?"

"மணி எப்ப வாங்குனீங்க?" என்று கேட்டார் பெத்துராஜ்.

"எந்த மணி?"

"இப்ப அடிச்சீங்களே."

"இதுவா? எங்க தாத்தா பூசை பண்ணுனப்பவே இதுதான்யா."

"அப்ப காணாமப் போனது?"

"அம்மன் மணிய்யா! கழுத்துல கிடந்த பவளமணி. ரெண்டு சரம். அம்மன் மணி காணோம்னுதானே எழுதிக் குடுத்தேன்? கோயில் மணின்னா கோயில் மணின்னு எழுதியிருக்க மாட்டேனா?" பூசாரி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த மணியை எவன்யா தூக்குவான்? ஏத்துறதுக்கே நாலு ஆளு வேணும்."

இன்ஸ்பெக்டர் சன்னதிச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். பூ கட்டுகிறவர் எப்போது வருவார், போனவாரம் யார் யார் அபிஷேகத்துக்கு வந்தார்கள், கடைசியாகப் பவளத்தை யார் கண்ணால் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெத்துராஜ் மணிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நாக்கு அவருடைய முழங்கை நீளம் இருந்தது.

திரும்பி வரும்போது ஜீப்பில் அவராகவே பேசினார்.

"துணி சுத்துனேன்னு சொன்னானே மேடம்."

"அவர் சொன்னாரா, நீங்க கேட்டீங்களா?"

பெத்துராஜ் யோசித்தார். "சத்தம் வராம எப்படிக் கழட்டுனே, துணி சுத்துனியான்னு கேட்டேன். ஆமான்னான்."

"தோள்ல வச்சது?"

"அதுவும் நான்தான் கேட்டேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "கண்மாயை மட்டும் அவனாச் சொன்னான்" என்றார்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். செவத்தையாவின் மனைவி சீனியம்மாள். பெத்துராஜைக் கண்டதும் ஓடிவந்து மஞ்சள் பையைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு மணியை எடுத்தாள். கைக்கு அடக்கமான பூஜை மணி. பாத்திரக் கடையின் விலைச்சீட்டு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் காதில் கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி செருகியிருந்தது.

"கொண்டாந்துட்டேன்யா. அவரை விட்டுடுங்க."

"ஏதும்மா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐயாதான் சொன்னாங்க. மணி வந்தா உன் புருஷன் வருவான், இல்லேன்னா சாயங்காலம் ஜெயிலுக்குப் போயிருவான்னு." அவள் பெத்துராஜைப் பார்த்தாள். "சின்னதாப் போச்சாய்யா? இதுக்குத்தான்யா முடிஞ்சுது."

பெத்துராஜ் மணியைக் கையில் வாங்கவில்லை. இன்ஸ்பெக்டர்தான் வாங்கினார்.

செவத்தையாவைக் கூப்பிட்டு, வழக்கில் அவருக்குத் தொடர்பில்லை என்று சொன்னார். அதை அப்படியே எழுதி, வாசித்துக் காட்டி, ரேகை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். செவத்தையா போகவில்லை. மனைவி நின்ற இடத்துக்குப் போய் அவள் காதைப் பார்த்தான். "எதுக்குடி?" என்றான். இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

உள்ளே பெத்துராஜ் நின்றுகொண்டிருந்தார்.

"மணியை அந்தப் பொம்பளைகிட்டயே குடுத்து அனுப்பிடலாம் மேடம். தெரியாம நடந்துபோச்சு."

"குடுக்கலாம். ஆனா ஒரு பொருள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கு. எப்படி வந்துச்சுன்னு எழுத வேண்டாமா?" இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார். "உட்கார்ந்து எழுதுங்க சார். உள்ளதை உள்ளபடி."

பெத்துராஜ் உட்கார்ந்தார். முப்பது வருஷப் பழக்கம், கை தானாக ஓடியது. தேதி எழுதினார். புகார்தாரர் என்று எழுதி, சீனியம்மாள், க/பெ செவத்தையா என்று எழுதினார். இழந்த பொருள், ஒரு ஜோடி கம்மல். மிரட்டி வாங்கப்பட்டது, பித்தளை மணி ஒன்று.

அடுத்த வரியில் எதிரி என்று எழுதினார். குற்றம் சுமத்தப்பட்டவரை ஸ்டேஷனில் அப்படித்தான் எழுதுவார்கள். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. அவர் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எதிரி பேரு, மேடம்?"

இன்ஸ்பெக்டர் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"அவசரம் இல்லை சார். எதிரி நிதானமாச் சொல்லட்டும். வக்கீல் வேணும்னாக் கூப்பிட்டுக்கட்டும். வீட்டுக்கு நான் தகவல் சொல்லிடுறேன்."