இளநீர்க் கட்டுரை

"இனிமே ஒரு பயலுக்கும் இடம் குடுக்கமாட்டேன், டீச்சர். வேணும்னா தளத்தையே இழுத்து மூடிருதேன்."

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்னே ஆவுடையப்பன் சொன்னார்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. டீச்சர் ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடைக்கு மேலே கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறாள். அவருக்கு இணையதளம் நடத்தக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். ஞானத்துக்கு வயது கிடையாது; மூட்டுவலிக்குத்தான் உண்டு.

"உக்காருங்க அண்ணாச்சி. யாரு என்ன செஞ்சா?"

அவர் உட்காரவில்லை.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் என்ன சாப்பிடலாம் என்று சொல்லும் தளம் அவருடையது. மனைவி கோமதிக்குச் சிறுநீரகம் கெட்டபோது ஆரம்பித்தது. ஒவ்வொன்றையும் டாக்டரிடம் கேட்டு, தன் கையால் சமைத்து, அவள் சாப்பிட்ட பிறகுதான் எழுதுவார்.

கோமதி போய்ச் சேர்ந்தாள். வீட்டில் சமையல் நின்றது. எழுதவும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. தளம் ஈயடித்தது.

அப்போதுதான் அந்த மெயில்கள் வர ஆரம்பித்தன. உங்கள் தளம் அருமை. நாங்கள் ஒரு விருந்தினர் கட்டுரை தருகிறோம். அதில் எங்கள் தளத்துக்கு ஒரு லிங்க் இருக்கட்டும், நாங்களும் உங்களுக்கு ஒன்று கொடுக்கிறோம். கூகுளில் தேடுகிறவர்களுக்கு நீங்கள் முதல் பக்கத்தில் வருவீர்கள்.

தனியாகக் கிடக்கிற மனுஷன் புகழ்ச்சிக்கு எத்தனை நாள்தான் கதவைச் சாத்தி வைப்பான்? வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தார். அப்படி வந்ததில் ஒன்று, கோடைக்கு இளநீர் என்ற கட்டுரை.

"கோவில்பட்டியில சண்முகத்தாய்னு ஒரு அம்மா. வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். நம்ம தளத்துல பாத்துட்டு தினம் ரெண்டு இளநி குடுத்திருக்கா."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். இதை அவளுக்குச் சொன்னதே இந்த அண்ணாச்சிதான்.

"அந்தக் கட்டுரைய வாசிச்சியளா?"

"தலைப்பப் பாத்தேன்."

"நம்ம தளத்துக்கு அவங்க குடுத்த லிங்க்?"

"அது வேல செய்யுதான்னு மூணு தடவ தட்டிப் பாத்தேன்."

சொல்லி முடிக்கும் முன்பே அவர் குரல் இறங்கிவிட்டது.

"இப்ப அந்தக் கட்டுரை?"

"காலையிலயே அழிச்சிட்டேன். வெளியாளு எழுதின முப்பத்தெட்டையும் அழிச்சிட்டேன்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"அந்த அம்மா வீட்டுக்காரரு இப்ப எப்படி இருக்காரு?"

ஆவுடையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெரியல. நேத்து மெயில்ல அந்த அம்மா கடிதம் வந்துச்சு. மயங்கி விழுந்தாரு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்ங்கிறது வரைக்கும் வாசிச்சேன். அதுக்கு மேல பயமா இருந்துச்சு."

"சரி."

"யாரச் சேக்கணும், யாரத் தள்ளணும்? ஒரு விதி சொல்லுங்க டீச்சர். அத வச்சாவது பொழச்சுக்கிடுதேன்."

ஜெசிந்தா அவர் கையிலிருந்த போனைக் காட்டினாள்.

"இன்னைக்கு யாராவது கட்டுரை தாரோம்னு கேட்டு எழுதியிருக்காகளா?"

"ஒருத்தன் எழுதியிருக்கான்."

"வாசிங்க."

அவர் போனைத் தள்ளிப் பிடித்து வாசித்தார். "'உங்கள் தளத்தைத் தினமும் ஆர்வத்துடன் வாசிக்கிறோம். பதிவுகள் அனைத்தும் மிக அருமை.'"

"எந்தப் பதிவாம்?"

மேலும் கீழும் தேடினார். "அதச் சொல்லல."

"இப்ப அந்த அம்மாவோடத வாசிங்க. விட்ட எடத்துலருந்து."

"வேண்டாம் டீச்சர். வயித்தெரிச்சலக் கொட்டியிருப்பா."

"வாசிங்க அண்ணாச்சி."

வரியைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆயிற்று.

"'மூணு நாள் ஐசியூவுல வச்சிருந்தாங்க. கடவுள் புண்ணியத்துல பொழச்சிட்டாரு.'"

ஆவுடையப்பன் அப்படியே நாற்காலியில் சரிந்தார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். இனி வாசிக்க வேண்டியதில்லை என்று போனை அணைக்கப் போனார்.

"இன்னும் இருக்கு," என்றாள் திரையை எட்டிப் பார்த்த ஜெசிந்தா.

அவர் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"'இளநி குடுக்கச் சொன்னது யாருன்னு டாக்டர் சத்தம் போட்டாரு. உங்க பேர நான் சொல்லல ஐயா. புடலங்காய நறுக்கி, ரெண்டு தண்ணி மாத்தி வேகவச்சு வடிக்கச் சொன்னியள்ல, மூணு வருஷமா அப்படித்தான் செய்யுதேன். அவருக்கு ஒண்ணும் ஆனதில்ல. நீங்க தப்பா எழுதமாட்டிய.'"

அவர் நிறுத்தினார். தையல் மெஷின் சத்தம் கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"'நான் எட்டாங்கிளாசுதான். நான்தான் தப்பா வாசிச்சிருப்பேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும். வீட்டுக்குப் போனதும் அந்தப் பக்கத்த எடுத்து, எந்த எடத்துல தப்பு விட்டேன்னு மெதுவா வாசிச்சுப் பாக்கணும்.'"

கடிதம் அவ்வளவுதான்.

அவர் போனை மேசைமேல் வைத்தார். பிறகு எழுந்து, அவளுடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அழிச்சதத் திரும்பக் கொண்டுவர முடியுமா, டீச்சர்?"

"எத?"

"அந்த இளநிக் கட்டுரைய."

"எதுக்கு அண்ணாச்சி?"

"அவ சரியாத்தான் வாசிச்சா, வாசிக்காதவன் நான்தான்னு அதுக்கு மேல எழுதணும்."