ஆட்டாத கை

காலை ஆட்டாதே அனிட்டா. கட்டில் கீச்சு கீச்சுங்குது. வெயில் தாழ்ற வரைக்கும் உன்னை வெளியே விடக்கூடாதுன்னு உங்க அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா, அதனால பேசாம படு. என்ன? சுறா கதையா? டிவில வருமே, ஆளைக் கடிக்கும்போது டமடமன்னு மேளம் அடிப்பாங்களே, அந்தச் சுறாவா? அதெல்லாம் இந்தப் பெரியம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச கதையில சுறா யாரையும் கடிக்காது. மனுஷங்கதான் கடிச்சுக்குவாங்க. சொல்லட்டுமா? நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா தூங்கிட்டேன்னு நினைச்சு நிறுத்திடுவேன், ஆமா.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மதினியும் ஒரு நாத்தனாவும் இருந்தாங்க. கடலோர ஊரு. நாத்தனா பேரு பிரகாசி. கடல்லயே பிறந்து வளர்ந்தவ, வாய் கொஞ்சம் நீளம், ரோஷம் அதைவிட நீளம். அவ அண்ணனைக் கட்டிக்கிட்டு வந்த மதினி பேரு சகாயராணி. அவ பரமக்குடி பக்கம். கண்மாயில எருமை முங்கினதைப் பார்த்திருக்காளே தவிர, கடலைக் கண்டதே கல்யாணத்தன்னிக்குத்தான்.

அந்த ஊர்ப் பொம்பளைங்க வள்ளத்துல ஏறி தீவுப் பக்கம் போய் கடல்ல பாசி எடுப்பாங்க. ஐஸ்கிரீம்ல எல்லாம் போடுறாங்களாமே, அந்தப் பாசி. தனியா யாரும் முங்கக் கூடாது. சீசனுக்கு ஒரு சோடி. ஒருத்தி அடியில போய் பாசி பறிப்பா, இன்னொருத்தி மேல குப்புற மிதந்துக்கிட்டு அவளையே பார்த்துக்கிட்டு இருப்பா. சோடி போட்டா சீசன் முடியிற வரைக்கும் மாத்த மாட்டாங்க. பிரகாசியும் சகாயராணியும் ஒரு சோடி.

பிரகாசியோட அண்ணன் டூரிஸ்ட் படகு ஓட்டுறவன். அவன் ரெண்டு பழைய முகக் கண்ணாடி கொண்டாந்து கொடுத்தான். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும். வாயில கடிச்சுக்க ஒரு குழாய், அது தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கும். குப்புற மிதந்துக்கிட்டே புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடலாம். ஆனா குழாய் வாயில இருந்தா பேச முடியாது பாரு. என்ன சொன்னாலும் "ம்"னுதான் வரும்.

"ம்?"

ஆமா, உன்னை மாதிரியே. அதனால பிரகாசி மதினிக்குக் கை ஜாடை சொல்லிக் கொடுத்தா. காதை இழுத்தா, சளி பிடிச்சிருக்கு, இன்னிக்கு முங்காதே, காது போயிடும்னு அர்த்தம். முஷ்டியை நெஞ்சுல வச்சா, ஆபத்து, அசையாதேன்னு அர்த்தம். உள்ளங்கையை விரிச்சு நேராக் காட்டினா, 'போகாதே, பயமில்ல, நான் இருக்கேன்'. அந்தக் கையை மட்டும் ஆட்டவே கூடாது. ஆட்டினா மீனெல்லாம் கலைஞ்சு ஓடும், சுறா என்னமோன்னு திரும்பிப் பார்க்கும். அப்படியே நிறுத்தி வைக்கணும்.

அப்புறம் சுறாவைப் பத்தியும் சொன்னா. "மதினி, முதல்ல துடுப்பு மாதிரி இருக்கிற செட்டையைப் பாருங்க. அப்புறம் மூஞ்சியைப் பாருங்க. அப்புறம் உடம்புல கோடு இருக்கா, புள்ளி இருக்கான்னு பாருங்க. எல்லாம் பார்த்துட்டுப் பயப்படுங்க. பார்க்காமலே பயப்படாதீங்க"ன்னா.

அப்போ ஒருநாள் சகாயராணி மிதந்துக்கிட்டு இருக்கா, கீழே ஒரு பெரிய கல்லு. கல்லுக்கடியில மண்ணு நிறத்துல என்னமோ கிடக்குது. ஒரு வால் தெரியுது. ஆள் நீளம்! சகாயராணி குழாய்க்குள்ளேயே "பூம்ம்ம்ம்"னு கத்தினா. குழாயில தண்ணி போய் களக் களக் களக்! பிரகாசி சர்ருனு மேல வந்து அவ முன்னாடி உள்ளங்கையை விரிச்சுக் காட்டினா. ஆட்டாம. அப்புறம் தன் உதட்டோரத்துல விரலை வச்சு மீசை மாதிரி காட்டினா. சகாயராணி பார்த்தா, அந்தச் சுறா வாயோரத்துல ரெண்டு குட்டி மீசை! பகலெல்லாம் கல்லுக்கடியில தூங்குற சுறா அது. மீசைக்காரத் தாத்தா மாதிரி கிடக்குது, பாவம். அன்னிக்கு வள்ளத்துல ஏறி ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சாங்க.

"அது கடிக்காதா?"

நாம போய் வாலைப் பிடிச்சு இழுத்தா கடிக்கும். உன் வாலைப் பிடிச்சு இழுத்தா நீ சும்மா இருப்பியா?

அப்புறம் சகாயராணிக்கு ஒரு பையன் பிறந்தான். பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறணும்னு பிரகாசி காலையில எழுந்து கரைக்குப் போய், பால் சுறா வாங்கி, அவிச்சு, தோலை உரிச்சு, உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டு புட்டு வச்சா. சகாயராணி சட்டியை வழிச்சுத் தின்னா. தின்னுட்டு, பிள்ளையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரிகிட்ட தமாஷா, "எங்க பிரகாசி புட்டு வச்சா ஊருக்கு உப்பளமே வேணாம்"னு சொல்லிட்டா. அந்தப் பொம்பளை கெக்கெக்கேன்னு சிரிச்சா. சிரிச்சதோட விட்டாளா? மறுநாள் குழாயடியில பிரகாசியைப் பார்த்து எல்லாரும், "வாம்மா உப்பளம்"னாங்க.

பிரகாசிக்கு முகம் செத்துப்போச்சு. அவ்வளவு ஆசையா செஞ்சவ இல்லியா. நேரா வீட்டுக்கு வந்து, "இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேசினா என் பேரு பிரகாசி இல்ல"ன்னுட்டா. சகாயராணிக்கும் வீம்பு. "தமாஷுக்குச் சொன்னா இப்படியா? அவளே வந்து பேசட்டும்"னு அவளும் வாயை மூடிக்கிட்டா. ஒரே வீடு, ஒரே அடுப்படி, பேச்சு மட்டும் கிடையாது.

"அப்போ சோடி?"

அங்கதான் இருக்கு வேடிக்கை. சோடியை மாத்த முடியாதே! அடுத்த சீசன்ல பேசாமலே போனாங்க, பேசாமலே குதிச்சாங்க. தண்ணிக்குள்ள போனா கை பேசுச்சு. கை பேசினா சபதத்துல சேராதுல்ல? சகாயராணி தும்மினா, பிரகாசி வேற பக்கம் பார்த்துக்கிட்டே தன் காதை இழுத்துக் காட்டுவா. அன்னிக்கு ரெண்டு பேருமே முங்க மாட்டாங்க. வள்ளத்துல உட்கார்ந்து மத்தவங்க எடுத்த பாசியை அலசுவாங்க.

அப்போ ஒருநாள் ரெண்டாவது சுறா வந்துச்சு. சின்னது, துறுதுறுன்னு. செட்டை நுனியெல்லாம் மை தொட்டு வச்ச மாதிரி கறுப்பு. விசுக் விசுக்னு சுத்துது. இந்தத் தடவை சகாயராணி கத்தல. செட்டையைப் பார்த்தா, மூஞ்சியைப் பார்த்தா. இவங்க ரெண்டு பேரும் அதையே உத்துப் பார்த்தாங்களா, அது வெட்கப்பட்டுக்கிட்டு விருட்டுனு ஓடிப்போச்சு. பிரகாசிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. குழாய்க்குள்ள புளுக்குனு சிரிச்சா. சகாயராணியும் புளுக்குனு சிரிச்சா. வள்ளத்துல ஏறினதும் ரெண்டு மூஞ்சியும் உம்முனு ஆயிடுச்சு.

அனிட்டா?

"ம்... கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

மூணாவது சுறா வந்தது காத்து மாறின அன்னிக்கு. தண்ணி கலங்கி மங்கலா இருந்துச்சு. பிரகாசி அடியில பாசி பறிக்கிறா, சகாயராணி மேல. அப்போ மங்கலுக்குள்ளிருந்து ஒண்ணு மெதுவா, ரொம்ப மெதுவா வருது. அகல மூஞ்சி. உடம்பு பக்கவாட்டுல பட்டை பட்டையா கோடு. புலிச் சுறா.  சகாயராணி வள்ளத்துக்கு ஓடல. நேரா கீழே முங்கினா. பிரகாசி தோளைத் தொட்டு, முஷ்டியை நெஞ்சுல வச்சா. அப்படியே மேல கூட்டிட்டு வந்து, ரெண்டு பேரும் முதுகோட முதுகு ஒட்டி மிதந்தாங்க, அது எந்தப் பக்கம் வந்தாலும் ஒருத்தி கண்ணுல படணும்னு. அது ஒரு சுத்து சுத்துச்சு. இன்னொரு சுத்து, கிட்டத்துல. மூணாவது சுத்துல என்ன நினைச்சுச்சோ, வாலைத் திருப்பிட்டுப் போயிடுச்சு.

போனப்புறம்தான் பிரகாசிக்குப் பயம் பிடிச்சுச்சு. கடல்ல பிறந்தவளுக்கே கை கால் ஓடல. அப்போ சகாயராணி அவ கண்ணாடிக்கு முன்னாடி உள்ளங்கையை விரிச்சுக் காட்டினா. ஆட்டாம. போகாதே, பயமில்ல, நான் இருக்கேன். பிரகாசி "ம்"னா.

வள்ளத்துல ஏறி ரெண்டு பேரும் குழாயைக் கழட்டினாங்க. பிரகாசிக்குத் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு, மதினிங்கிற வார்த்தை. அவ பேசட்டும்னு இவ பார்த்தா, இவ பேசட்டும்னு அவ பார்த்தா. குழாய் இருந்தப்போ பேச முடியல. எடுத்தப்புறம் பேச மனசு வரல. அந்த நிமிஷத்தை நினைச்சா எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு. ஒரே ஒரு வார்த்தைடி!

அப்புறம் பிரகாசிக்குக் கல்யாணம் முடிவாச்சு. மாப்பிள்ளைக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. கல்யாணத்துக்கு சகாயராணி வாயைத் திறக்காம அத்தனை வேலையும் பார்த்தா. பொண்ணு, மாப்பிள்ளை கிளம்புறாங்க. பஸ் வந்துச்சு, பாம் பாம்னு. ஊரே நின்னு டாட்டா காட்டுது. பிரகாசி ஜன்னல் வழியா பார்த்தா, கூட்டத்துக்குப் பின்னாடி மதினி நிக்கிறா. கையைத் தூக்குறா. உள்ளங்கையைக் காட்டுறா.

பிரகாசிக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. "இத்தனை நாள் பேசாம இருந்துட்டு, இப்போ போறேன்னதும் டாட்டாவா? தொலைஞ்சா போதும்னு இருந்திருக்கா!" ஜன்னல் ஷட்டரை இழுத்து விட்டா, டமார்னு. பஸ் போயிடுச்சு.

"ஐயோ."

ஐயோதான். பார்க்காமலே பயப்படாதேன்னு சொல்லிக் கொடுத்தவ, சரியா பார்க்காமலே கோபப்பட்டுட்டா.

அப்புறம் வருஷம் ஓடிப்போச்சு. பிரகாசி ஊர்ப் பக்கமே வரல. அண்ணன்தான் வந்து பார்த்துட்டுப் போவான். மதினி பேரை எடுத்தாலே பிரகாசி எழுந்து அடுப்படிக்குப் போயிடுவா, அதனால அவனும் அந்தப் பேச்சை விட்டுட்டான். பிரகாசிக்கு ஒரு பொண்ணு பிறந்து, உன் உசரம் வளர்ந்துச்சு. ஒருநாள் ஸ்கூல்ல டூர் கூட்டிட்டுப் போனாங்க. முதல் தடவையா பிள்ளை அம்மாவை விட்டுட்டுப் போகுது. எல்லா அம்மாவும் பஸ்ஸைப் பார்த்துக் கையாட்டுறாங்க. பிரகாசியும் கையைத் தூக்கினா. சாயந்திரம் திரும்பி வந்த பொண்ணு கேட்டா, "ஏம்மா, எல்லா அம்மாவும் டாட்டா காட்டினாங்க, நீ மட்டும் ஏன் கையை ஆட்டாம நீட்டிக்கிட்டே நின்னே?"

பிரகாசிக்கு அப்போதான் உறைச்சுச்சு. அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல மதினி கை ஆடவே இல்ல. எல்லார் கையும் ஆடுச்சு, அந்த ஒரு கை மட்டும் ஆடல. டாட்டா இல்ல அது. போகாதே, பயமில்ல, நான் இருக்கேன். கலங்கின தண்ணியில கோட்டைப் பார்த்துச் சுறாவை அடையாளம் சொல்றவளுக்கு, பட்டப்பகல்ல மதினி கை அடையாளம் தெரியல.

உடனே பஸ் ஏறினா. ஊர்ல இறங்கி நேரா கரைக்கு ஓடினா. அங்கே சகாயராணி குனிஞ்சு பாசியை வெயில்ல பரப்பிக்கிட்டு இருக்கா, முதுகு இந்தப் பக்கம். "மதினி!"ன்னா. திரும்பல. "மதினி! நான்தான் பிரகாசி!" திரும்பல. "என்னை மன்னிச்சுக்கங்க மதினி!"ன்னு கடலே கேட்கிற மாதிரி கத்தினா. கரையில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அவ மட்டும் பார்க்கல.

வலை பின்னிக்கிட்டு இருந்த ஒருத்தி எழுந்து வந்து சொன்னா, "ஏ பிரகாசி, உனக்குத் தெரியாதா? அவளுக்கு ரெண்டு காதும் போச்சே. நீ போன அடுத்த சீசன்லயே சளியோட முங்கினா. சோடியா வந்தவ கண்டுக்கல. வலி வலின்னு கிடந்தா, அப்புறம் ஒண்ணும் கேட்கல."

பிரகாசிக்குக் கை தானா காதுக்குப் போச்சு. காதை இழுத்துக் காட்ட அன்னிக்கு பிரகாசி அங்கே இல்ல, அதான். சேர்த்து வச்ச வார்த்தையெல்லாம் இருக்கு, போய்ச் சேர்றதுக்கு வழி இல்ல. மெதுவா நடந்து மதினி முன்னாடி போய் நின்னா. உள்ளங்கையை விரிச்சா. ஆட்டல.

சகாயராணி நிமிர்ந்து அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தா. முகத்தைப் பார்த்தா. "ம்"னா.

பிரகாசி அழுதுக்கிட்டே என்னென்னமோ சொல்றா. உப்பு, புட்டு, பஸ்ஸு, ஷட்டரு, எல்லாம். சகாயராணி அவ வாயையே பார்த்துக்கிட்டு இருந்தா. காது போனவங்க சத்தமாத்தான் பேசுவாங்க இல்லியா, கண்ணுல தண்ணியோட சிரிச்சுக்கிட்டே சத்தமா சொன்னா:

"ஒண்ணும் கேட்கலடி. வாயில இருக்கிற குழாயை எடுத்துட்டுப் பேசு!"

அனிட்டா?

...

அனிட்டாக் குட்டி?

சரி சரி, கதை கரையேறிடுச்சு. நீ தூக்கத்துல முங்கு. பெரியம்மா மேல இருந்து பார்த்துக்கிறேன்.