கழுதை வண்டியில் வந்த திருடன்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை இங்கேயே உதிரட்டும். முத்தலைத்துறை ராசாவுக்குப் பீரங்கிப் பைத்தியம். கப்பல் வரும்போதெல்லாம் வாங்குவார். கப்பல்காரனோ வெள்ளியைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். பத்துக் காசுக்குக் கிடைத்த ஒரு துண்டு வெள்ளி அறுபது காசாகிவிட்டது.

துறைமுகத்தில் காசு மாற்றிக் கொடுக்கும் மாடத்தியை ராசா இழுத்துவரச் சொன்னார்.

"நம்ம காசின் மதிப்பை எவனோ திருடுகிறான். நாளைக்குள் பிடித்து வா. இல்லையென்றால் நீதான் திருடி, உன் தலை போகும்."

மறுநாள் மாடத்தி கழுதை வண்டியோடு வந்தாள். வண்டியில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கயிற்றால் கட்டிய ஒரு பீரங்கி.

"என்னடி இது?"

"இவன்தான் மகாராசா. இவன் கரையிறங்கும்போதெல்லாம் ஊர் வெள்ளி கப்பலேறுது. மிச்ச வெள்ளிக்கு ஊரே காசைக் கொட்டி அடிச்சுக்குது. சந்தேகம்னா விசாரிங்க. வாயைத் திறந்துகிட்டு நிக்கிறான், ஒரு வார்த்தை மறுக்கல."

சபை சிரிப்பை விழுங்கியது. திருடனைப் பிடித்து வா என்று தானே சொல்லிவிட்டதால் ராசா பீரங்கியைச் சிறையில் அடைத்தார். அடுத்த கப்பல் நாலு பீரங்கியோடு வந்தபோது, "சிறையில் இடமில்லை" என்று திருப்பி அனுப்பினார். வெள்ளி விலை மெல்ல இறங்கியது.

யார் சொன்னதென்று கேட்டால் என் பேரை எடுக்காதீர்கள். என்னை மாதிரி ஒல்லியான ஆளுக்கு அந்தப் பீரங்கி பக்கத்தில் இன்னும் இடமிருக்கிறதாம்.