விருந்து வந்தால் வரும் வலி

பேச்சித்தாய் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். வாயுக் கோளாறு என்று பல மாதமாக மாத்திரை விழுங்கியவள்.

கூட வந்த மாமியார் வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "எல்லாம் நடிப்பு தாயி. வீட்டுக்கு விருந்தாளி வந்தாத்தான் இவளுக்கு வலி வரும். செவ்வாய் விரதத்துக்கு நல்லாத்தான் இருப்பா. இந்தத் தடவையும் ஒண்ணுமில்லைன்னு சொன்னீகன்னா, நேரா அவ அம்மா வீட்டுலதான் கொண்டுவிடப் போறோம்."

பயிற்சி மருத்துவர் மணிமொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவள் வலியை நடிப்பென்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை, நீங்களும் ஒரு பெண்தானே என்று ஒரு பிடி பிடித்து, மாமியாரை வராந்தாவுக்கு விரட்டினாள்.

சற்று நேரத்தில் அவளுடைய ஆசிரியர், அறுவை மருத்துவர் ரெஜினா, ரவுண்ட்ஸ் வந்தார். மணிமொழியைவிடச் சில வயதுதான் மூத்தவர். நடந்ததை அவள் வீரமாகச் சொல்ல, முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"அந்த அம்மாவைக் கூப்பிடு."

"எதுக்கு மேடம்? திரும்பவும் அதையேதான் சொல்லும்."

"அதுக்குத்தான்."

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராக வந்தாள். ரெஜினா அவளுக்கு நாற்காலி போட்டார். விருந்துக்கு என்ன சமைப்பீர்கள், வலி எப்போது தொடங்கும், எங்கே பிடித்துக்கொள்வாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கறிக்குழம்பும் நெய்ச்சோறும் என்றாள் மாமியார். பாத்திரம் கழுவுகிற நேரம் பார்த்துத் தொடங்குவாளாம், வலது தோள்பட்டைக்குப் பின்னால் அமுக்கச் சொல்லுவாளாம். அதை அப்படியே நடித்தும் காட்டினாள்.

ரெஜினா மணிமொழியின் கையை எடுத்து, பேச்சித்தாயின் வலது விலா எலும்புக்கு அடியில் வைத்தார். "மெதுவா அழுத்து," என்றவர் பேச்சித்தாயிடம் திரும்பினார். "நீ மூச்சை நல்லா இழும்மா."

இழுத்த மூச்சு வலியில் பாதியிலேயே நின்றது. கட்டிலருகே மாமியாரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல்; கறியும் நெய்யும் உள்ளே போகும்போதெல்லாம் பித்தப்பை சுருங்கி வலித்திருக்கிறது. நல்லவேளை, பித்தக்குழாய் அடைபடவில்லை, காமாலையும் இல்லை. சிறு துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். மறுநாள் பேச்சித்தாய் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றாள். கற்கள் கிடந்த புட்டியைப் போவோர் வருவோரிடமெல்லாம் நீட்டி, எம்மருமக எம்புட்டுத் தாங்கியிருக்கா பாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள் மாமியார்.

மணிமொழிக்கு மனசு லேசானது. வாதம்தான் அடங்கவில்லை.

"இருந்தாலும் மேடம், அந்தம்மா பேசினது அநியாயம்தானே?"

"அநியாயம்தான்," என்றார் ரெஜினா. "ஆனா அவ வலியைக் கூட இருந்து பார்த்த ஒரே சாட்சி அவங்க. நீ சாட்சியை வராந்தாவுல நிறுத்திட்டு வாதாடினே."