செங்காலி கேட்ட வேலி

ஒரு காட்டின் நடுவே பெரிய ஏரி இருந்தது. பங்குனி மாதம் வந்தால் ஏரித் தண்ணீர் உள்வாங்கி, கரையோரம் கெட்டித் தரையாகிவிடும். அந்தத் தரையில் ஏரியை மூன்று முறை சுற்றி ஓட்டப்பந்தயம் நடக்கும். மான், முயல், பன்றி, காட்டுமாடு எல்லாம் ஒரே தடத்தில் ஓடும். முயலும் காட்டுமாடும் முட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்டதில்லை. வழிவழியாக வந்த பழக்கம் என்று சொல்லிவிட்டால் கேள்வி எங்கிருந்து வரும்?

அந்தக் காட்டில் இன்னொரு பழக்கமும் இருந்தது. அதற்குக் காற்றுப் பிடிப்பது என்று பெயர். ஓடுகிறவர்கள் தாண்டிப் போகும்போது எழும் காற்று முகத்தில் பட்டால், அந்த வருஷம் நோய் நொடி அண்டாது என்று நம்பினார்கள். அதற்காகவே மருதமரத்து வளைவில் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள். தாய்மார்கள் குட்டிகளைத் தடத்தின் மேலேயே நீட்டிப் பிடிப்பார்கள்.

செங்காலி என்ற புள்ளிமான்தான் அந்தக் காட்டிலேயே வேகக்காரி. அவளுடைய தங்கை பிஞ்சுவுக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு பின்னங்கால் சரியில்லை. ஓடும் ஆசை மட்டும் அக்காவை விட அதிகம்.

பந்தயத்துக்குப் புறப்படும்போது பிஞ்சு சொன்னாள்: “அக்கா! நான் மருதமரத்துக்கிட்ட நிப்பேன். நல்லா ஒட்டிப் போ! உன் காத்துப் பட்டா என் காலு சரியாயிடும்!”

“சரிடி, சரி! உன் மூக்கை உரசிட்டே போறேன், போதுமா?” என்று சிரித்தாள் செங்காலி.

பந்தயம் தொடங்கியது. முதல் சுற்றில் செங்காலிதான் முன்னால். அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது கட்டையன் என்ற காட்டுப்பன்றி. மருதமரம் தெரிந்தது. கூட்டத்தின் முன்வரிசையில், நொண்டிக் காலை ஊன்றிக்கொண்டு பிஞ்சு எம்பி எம்பிக் குதித்தாள்.

“அக்கா! இங்கே! இங்கே!”

செங்காலி ஆசையாகச் சட்டென்று ஓரம் திரும்பினாள். தங்கையின் முகத்தில் காற்று அடித்தது. பிஞ்சு கண்ணை மூடிக்கொண்டு சிரித்ததை அவள் பார்த்தாள். பார்த்தபடியே பறந்துவிட்டாள்.

பின்னால் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. திடீரென்று குறுக்கே வந்த மானை இடிக்காமலிருக்கக் கட்டையன் காலை ஊன்றித் திரும்பினான். வேர் தடுக்கியது. அவ்வளவு பெரிய உடம்பு உருண்டு, நேராகக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

பந்தயத்தை நடத்துவது நரி நெடுவாலன். புழுதியையும் அலறலையும் பார்த்துவிட்டு, “ஓடுங்க! நிறுத்தாதீங்க! பந்தயம் நின்னா மொத்தக் கூட்டமும் அங்கே ஓடிப் போய் மிதிபட்டுச் சாகும்!” என்று கத்தினான்.

செங்காலி இரண்டாவது சுற்றிலும் மூன்றாவது சுற்றிலும் அதே வளைவைத் தாண்டினாள். புழுதிக்குள் அழுதவர்களின் சத்தம் தன்னை உற்சாகப்படுத்தும் சத்தம் என்று நினைத்தாள். பிஞ்சுவைக் காணவில்லை. எல்லைக்கோட்டில் போய் நிற்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினாள்.

ஜெயித்தாள். கொன்றைப்பூ மாலை போட்டார்கள். மாலையோடு தங்கையைத் தேடிக்கொண்டு வளைவுக்குப் போனாள். அங்கே பதினேழு பேர் இறந்து கிடந்தார்கள். பிஞ்சுவும் அவர்களில் ஒருத்தி.

அதற்குப் பிறகு செங்காலி ஓடவில்லை. தினமும் மருதமரத்தடிக்குப் போவாள். தங்கை நின்ற இடத்தில், தங்கை நின்ற மாதிரியே நிற்பாள். ஏரிக்காற்று முகத்தில் அடிக்கும். கண்ணை மூடிக்கொள்வாள். ‘அக்கா! இங்கே!’ என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று ஏங்குவாள். அணில் கிறீச்சிட்டால்கூடத் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

மாதங்கள் ஓடின. மாசி முடியும் சமயம், காட்டுத் தலைவியான பெருங்காதாள் என்ற யானை எல்லோரையும் கூட்டினாள்.

நெடுவாலன் முந்திக்கொண்டான். “இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? விழுந்தது பன்றி! கண்ணு மண்ணு தெரியாம ஓடினது பன்றி! கட்டையனைக் காட்டை விட்டுத் துரத்துங்க. பங்குனியில வழக்கம்போலப் பந்தயத்தை வைப்போம்!”

“துரத்துங்க! துரத்துங்க!” என்று கூட்டம் கத்தியது. பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் எல்லோருக்கும் மனசு லேசாகிவிடுகிறது.

உடைந்த கோரைப்பல்லோடு ஓரமாகக் கிடந்த கட்டையன் வாயே திறக்கவில்லை. செங்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்தது. அன்று தான் சட்டென்று ஓரம் திரும்பியதால்தான் அவன் விழுந்தான் என்று அப்போதுதான் உறைத்தது. நடந்தது அவனுக்குத் தெரியும்! தெரிந்தும் சொல்லவில்லை! பேசாமல் இருந்துவிட்டால் அவள் பெயர் கெடாது. தங்கையைப் பறிகொடுத்தவள் என்று ஊரே அவள்மேல் இரக்கப்படும். ஆனால் மருதமரத்தடியில் இனி எந்த முகத்தோடு போய் நிற்பது?

“நில்லுங்க!” என்று முன்னால் வந்தாள். “கட்டையண்ணன் விழுந்தது என்னாலதான். பிஞ்சுவுக்குக் காத்துக் கொடுக்கணும்னு நான் குறுக்கே திரும்பினேன். என்னைக் காப்பாத்தத்தான் அவர் விழுந்தார்.”

கூட்டம் கட்டையன் பக்கம் திரும்பியது.

“இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?” என்று பெருங்காதாள் கட்டையனைக் கேட்டாள்.

“தங்கச்சியை இழந்துட்டு நிக்கிற பொண்ணும்மா. அவ தலையில இதையும் ஏத்தணுமா?” என்றான் கட்டையன்.

நெடுவாலன் விடுவானா? “அப்ப மானைத் துரத்துங்க!” என்று கத்தினான்.

“துரத்துங்க, போறேன்!” என்றாள் செங்காலி. “ஆனா தடத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவுல வேலி போடாம என்னை மட்டும் துரத்தினா, அடுத்த பங்குனியில அந்த மரத்தடியில இன்னொரு அக்கா வந்து நிப்பா. நான் ஒருத்தி நிக்கிறது போதாதா? என் தங்கச்சியை யாரும் திருப்பித் தர வேண்டாம். ஒரு வேலி தாங்க!”

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். பதினேழு வீட்டுக்காரர்களும் சேர்ந்து அழுதார்கள். யாரையும் துரத்தவில்லை.

மறுநாள் முதல் வேலை நடந்தது. காட்டுமாடுகள் மண்ணைத் தள்ளி வளைவில் மேடு போட்டன. அதற்குப் பின்னால் மூங்கில் முள்வேலி. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வேலிக்கு அந்தப் பக்கம், உயரமான கரையில்தான் நிற்க வேண்டும். முயல் போன்ற சிறியவர்களுக்கு ஒரு பந்தயம், காட்டுமாடு போன்ற பெரியவர்களுக்கு ஒரு பந்தயம். வளைவில் யாரும் ஓரம் திரும்பக் கூடாது. யாராவது விழுந்தால் மரத்தின் மேலிருக்கும் கொக்கு சிவப்பு முருக்கம்பூக் கொத்தைத் தூக்கிக் காட்டும். உடனே எல்லோரும் நின்றுவிட வேண்டும்.

“வேலிக்குப் பின்னால நின்னா காத்து எப்படிப் படும்?” என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. பெருங்காதாள் முறைத்ததும் அடங்கிவிட்டார்கள்.

பங்குனி வந்தது. செங்காலியும் ஓடினாள். கடைசிச் சுற்றில் அவள்தான் முன்னால். மருதமரம் தெரிந்ததும் கால்கள் பழைய ஞாபகத்தில் ஓரத்துக்கு இழுத்தன. பிஞ்சு நின்ற இடம் அதோ! பல்லைக் கடித்துக்கொண்டு நடுத்தடத்திலேயே ஓடினாள். ஒரு விம்மல் மட்டும் வெளியே வந்தது.

பின்னால் தடாலென்று சத்தம். கட்டையன் அதே வளைவில் மறுபடியும் வழுக்கிவிட்டான்! கொக்கு சிவப்புப் பூவைத் தூக்கியது.

எல்லைக்கோட்டுக்கு இன்னும் இருபது தாவல்தான். செங்காலி நின்றாள். திரும்பி நடந்தாள்.

மண்மேட்டில் மோதிய கட்டையன் எழுந்து உடம்பை உதறிக்கொண்டிருந்தான். “ஒண்ணுமில்லம்மா! கொஞ்சம் மண்ணு தின்னுட்டேன், அவ்வளவுதான்!”

வேலி அசையவில்லை. அதற்குப் பின்னால் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு கீரிக்குட்டி மட்டும் கரைமேல் நின்று கத்தியது.

“அக்கா! இங்கே! எனக்குக் காத்தே வரல!”

செங்காலி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வருஷமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தைகள் அவை. குரல் மட்டும் வேறு.

“வராது கண்ணு. வரவும் வேண்டாம்,” என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பொழுது சாய்ந்ததும் எல்லோரும் குட்டிகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். கடைசிக் குட்டி கண்ணுக்கு மறையும்வரை செங்காலி அந்த மரத்தடியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார்மேல் தப்பு என்று பழி போடுவதோடு நிற்காமல், அதே தப்பு இன்னொரு உயிரை வாங்காதபடி வழி செய்வதே இறந்தவர்கள்மேல் நாம் வைக்கும் உண்மையான அன்பு.