கீரி பண்ண ஒரே ஒரு அப்டேட்

ஏரிக்கரையில ஒரு கீரி இருந்துச்சு. கம்ப்யூட்டர் வேலையில படு கெட்டி. ஏரித் தண்ணி பத்துச் சாண் ஏறினா சைரன் அலறணும். அந்தப் புரோகிராமை எழுதினது கீரிதான். சத்தம் கேட்டா ஓடி வந்து தூக்கிக்கலாம்னு நம்பி, முயலக்கா தன் நாலு குட்டிகளையும் கரையோர வளையில விட்டுட்டு மேயப் போவா.

அந்தப் புரோகிராமுக்குள்ள இருபது பேக்கேஜ், ரெடிமேடா எடுத்துச் சேர்த்த குட்டிப் புரோகிராமுங்க. தண்ணி அளக்க ஒண்ணு, நேரம் பார்க்க ஒண்ணு, சத்தம் போட ஒண்ணு... எல்லாம் வேற வேற காட்டுல எவனெவனோ எழுதினது.

ஒருநாள் சத்தப் பேக்கேஜுக்குப் புது வெர்ஷன் வந்துச்சு.

"மயில் குரல்ல அலறுமாம்டா!"ன்னு குதிச்சுச்சு கீரி.

கூட வேலை பார்த்த நத்தை, "சரி, அதை மட்டும் மாத்து. ஓட்டிப் பாரு"ன்னுச்சு.

கீரி மாத்துச்சு. புதுச் சத்தம், "எனக்குப் புதுக் கடிகாரம் வேணும்!"னுச்சு. புதுக் கடிகாரம் வந்ததும், "இவன் யாருன்னே தெரியாது!"ன்னு முறுக்கிக்கிச்சு தண்ணி அளக்குறது. திரை பூரா சிவப்பா எரர்!

"டேய், பழசுக்கே திரும்பிடு!"

"உன் வேகத்துல போனா மழையே முடிஞ்சிடும், போடா!"

கீரிக்கு ரோஷம். எந்தப் பேக்கேஜ் எந்த வெர்ஷன்னு குறிச்சு வச்ச பட்டியலையே அழிச்சுச்சு. இருபதையும் ஒரே அடியா புதுசாக்குச்சு. சிவப்பு மறைஞ்சுச்சு.

"பாத்தியா! ஒரு எரர் இல்ல!"

"அளவுகோலைத் தண்ணியில முக்கி ஒரு தடவை பாத்துட்டு..."

"எரரே இல்லைங்கிறேன்!"

ஆனா தண்ணி அளக்குற புதுப் பேக்கேஜ் சாண்ல அளக்கல. முழத்துல அளந்துச்சு. ரெண்டு சாண் சேர்ந்தாதான் ஒரு முழம்.

மறுநாள் மத்தியானம் மலையில பேய்மழை. தண்ணி பத்துச் சாண் ஏறுச்சு. "அஞ்சுதானே"ன்னு சைரன் வாயே தொறக்கல.

தண்ணி இன்னும் ஏறுச்சு. மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு வந்ததைப் பார்த்து முயலக்கா ஓடி வந்தப்ப, வளை இருந்த இடத்துல தண்ணி சுழிச்சுக்கிட்டிருந்துச்சு.

"ஏன்டா தம்பி சைரன் கத்தல?"

"தெரியலக்கா."

"இருபதுல எதுடா என் புள்ளைங்களக் கொன்னுச்சு?"

"தெரியலக்கா! எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டேன்..."

"பழையபடி ஆக்குடா! மேட்டுல இன்னும் எத்தனை வளை இருக்கு!"

"பழசு எது எதுன்னு இருந்த பட்டியலையும் அழிச்சுட்டேன்க்கா."

தண்ணி அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருந்துச்சு.

ஒண்ணை மாத்தி, ஓட்டிப் பார்த்துட்டுத்தான் அடுத்ததைத் தொடணும். எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்துறவனுக்கு, தப்பு எங்கன்னு தேடக்கூட வழி இருக்காது.