பேச்சி சொன்ன தீவு

பேச்சிக்குக் கோவம் வந்தா எதிர்ல நிக்கறது வாத்தியாரா கலெக்டரான்னு பாக்க மாட்டா. அன்னிக்கு மாட்டுனது அவ ஆராய்ச்சிக்கு வழிகாட்டுற பெர்னதெத் மேடம். அதுவும் தூத்துக்குடிக் கடல் நடுவுல, ஒரு சின்ன ஃபைபர் படகுல. மேடம்தான் மோட்டார் கைப்பிடியப் பிடிச்சிருந்தாங்க. சுத்தி வெள்ளையா பனிமூட்டம்.

"நாளைக்கு மீன்பிடி வள்ளத்துல எல்லாம் நான் செஞ்ச இந்தக் கேமராவ மாட்டணும். சரின்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கீங்க. ஏன் மேடம்?"

"இது எப்படிப் பாக்கும்? இன்னொரு தடவ சொல்லு."

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்கு. படகு ஆடுனா படமும் ஆடும். அந்த ஆட்டத்தக் கம்ப்யூட்டர் கழிச்சிரும். கழிச்ச பெறகும் எது நகருதோ, அது தானா நகருது. அதச் சுத்திச் செவப்புக் கட்டம் போட்டு மணியடிக்கும். கடல்காக்கா, லாஞ்சு, எதுவும் தப்பல. விட்டுப்போனது ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, பாப்போம்."

மேடம் மூட்டத்துக்குள்ள உத்துப் பாத்தாங்க. படகக் கொஞ்சம் திருப்பி, அப்படியே நேராப் பிடிச்சாங்க.

"கம்ப்யூட்டர் திரையில ஓரமா கறுப்பா ஒரு புள்ளி இருக்கே. என்னது?"

"தீவு."

"கண்ணால பாத்தியா?"

"பாக்க என்ன இருக்கு? அசையல. கட்டமும் போடல. தீவுதான்."

"அது மேல விரல வை. நகந்தா சொல்லு."

பேச்சி உதட்டச் சுழிச்சுக்கிட்டே விரல வெச்சா. புள்ளி விரலுக்கு அடியில காணாமப் போச்சு. படகு போய்க்கிட்டே இருந்துச்சு.

"நகந்துச்சா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் கழிச்சு, "இப்போ?"

"இல்லன்னு சொல்லுதேன்ல."

விரலுக்கு ரெண்டு பக்கமும் ஏதோ பிதுங்குன மாதிரி இருந்துச்சு. மூட்டமா இருக்கும்னு நெனச்சா. மூட்டம் வெள்ளையால்லா இருக்கும், இது கறுப்பு. ஆனாலும் வாய் மட்டும் எறங்கி வரல.

"கிட்டப் போனா தீவு பெருசாத்தான் தெரியும். அதுக்குப் பேரு நகர்றதில்ல, மேடம்."

காலுக்குக் கீழ பலகை அதிர்ந்துச்சு. அவங்க மோட்டாரோட அதிர்வு அவளுக்குப் பழக்கம். இது வேற. தண்ணிக்கு அடியில இருந்து வருது.

"மேடம்." குரல் கீச்சுன்னு வந்துச்சு.

திரை மேல நிழல் விழுந்துச்சு. தலையத் தூக்குனா, வானம் இருக்கவேண்டிய எடத்துல இரும்பு. துருப்பிடிச்ச நங்கூரம் ஒண்ணு தலைக்கு மேல தொங்குச்சு.

மேடம் கைப்பிடிய ஒடிச்சுத் திருப்புனாங்க. படகு ஒரு பக்கமா சாஞ்சுது, உப்புத் தண்ணி ரெண்டு பேரையும் முழுசா நனைச்சுது. சரக்குக் கப்பல் சுவர் மாதிரி, உரசாத குறையா, பக்கத்துல போச்சு. போய்க்கிட்டே இருந்துச்சு. முடியவே இல்ல.

அதோட வால் தாண்டுறப்போதான் கம்ப்யூட்டர் மணியடிச்சு, அதச் சுத்திச் செவப்பா ஒரு கட்டம் போட்டுச்சு.

பேச்சி மொகத்துத் தண்ணிய வழிச்சுவிட்டா. "அப்போ... கப்பல் வருதுன்னு தெரிஞ்சேதான் படக அதுக்கு நேராப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்களா? முன்னாடியே திருப்பிருக்கலாம்லா. எதுக்கு அவ்வளவு நேரம்?"

"நேரா நம்ம மேல மோத வர்றது திரையில எடம் மாறாது, பெருசாகத்தான் செய்யும். நீ விரல எடுத்து நிமிந்து பாப்பேன்னு காத்திருந்தேன்."

மணி இன்னும் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பேச்சி அத நிறுத்தல. கேமராவக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டா. கரை வர்ற வரைக்கும் திரையப் பாக்கல, கடலத்தான் பாத்துக்கிட்டு வந்தா.